200 வந்துச்சு, வேலை நடக்கல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கம்ப்யூட்டர் பக்கத்துல வந்த கட்டுரைய படிச்சேன். இஷ்யூ டிராக்கர்ல ஒவ்வொரு டிக்கெட்டா க்ளிக் பண்ணிட்டு உக்காந்திருக்க வேணாம், ஏபிஐ இருக்கு, பத்து வரி ஸ்கிரிப்ட் எழுதுனா போதும், ஆயிரம் டிக்கெட்டையும் அதுவே பாத்துக்கும்னு போட்டிருந்தீங்க. பொய்னு சொல்ல மாட்டேன், பத்து வரிங்கறது உண்மைதான். ஆனா அந்தப் பத்து வரிய நம்பி நான் பட்ட பாடு இருக்கே, அதை எழுதலன்னா எனக்கு மனசு ஆறாது. லெட்டர் நீளமா போகும், எங்க வேணா வெட்டிக்கோங்க, 200, அதாவது "சரி"ன்னு பதில் வந்தும் வேலை நடக்காம போன விஷயத்தை மட்டும் வெட்டிடாதீங்க ப்ளீஸ்.

நான் ஒரு சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீம்ல இருக்கேன். இந்த டிராக்கர்லாம் தெரியாதவங்களுக்காக ரெண்டு வார்த்தை. ப்ரோக்ராம்ல எங்கயாவது தப்பு (பக்னு சொல்லுவோம்) தெரிஞ்சா அதை ஒரு டிக்கெட்டா (இஷ்யூன்னும் சொல்லுவாங்க) போட்டு வைப்போம், யாரு பாத்தாங்க, எப்படி வந்துச்சு, யாரு சரி பண்ணணும், இப்ப எந்த நிலைமையில இருக்குன்னு எல்லாம் அதுக்குள்ள இருக்கும். பக்சில்லா 1998ல வந்தது, ஜிரா 2002, ரெட்மைன் 2006, அப்புறம் கிட்ஹப் கிட்லேப்லலாம் கோட் இருக்கற இடத்துலயே டிராக்கரும் சேந்தே வந்துச்சு. (ஜிராங்கற பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு ரொம்ப பேருக்குத் தெரியாது, அதை உருவாக்குனவங்க அதுக்கு முன்னாடி பக்சில்லாதான் யூஸ் பண்ணிட்டு இருந்தாங்க, அதை கிண்டலா கோட்சில்லாவோட ஜப்பான் பேரான கோஜிரான்னு கூப்புடுவாங்களாம், அதுல முன்னெழுத்த வெட்டிட்டா ஜிரா.) இதுல எல்லாத்துலயும் வெப் ஏபிஐ இருக்கு. அதாவது ஸ்க்ரீன்ல நாம பண்றதை ஒரு ப்ரோக்ராம் பண்ணலாம். கெட்னு கேட்டா டிக்கெட்டை படிச்சுக் காட்டும், போஸ்ட்னா புதுசா ஒண்ணு போடும், புட் இல்ல பேட்ச்னா இருக்கறதை மாத்தும். பதிலுக்கு மூணு இலக்கத்துல ஒரு நம்பர் வரும். 200னா சரி, 201னா புதுசா ஒண்ணு உருவாச்சு, 204னா சரிதான் ஆனா சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, 401னா நீ யாருன்னே தெரியல, 403னா யாருன்னு தெரியும் ஆனா உனக்கு அனுமதி இல்ல, 404னா அப்படி ஒண்ணு இல்ல. கட்டுரையில இதை அழகா டேபிள் போட்டு காட்டியிருந்தீங்க. வம்பே அந்த டேபிள்லதான் ஆரம்பிக்குது.

நடந்தது இதுதான். ஒரு ரிலீஸ் முடிஞ்சுது, சரி பண்ணி செக் பண்ணியாச்சுன்னு தெரிஞ்ச பழைய டிக்கெட்டு அறுநூத்திச் சொச்சம் கெடந்துச்சு, எல்லாத்தையும் க்ளோஸ் பண்ணணும். எந்த டிராக்கர்னு பேரு வேணாம், தப்பு என்னோடது. நிலைமைய க்ளோஸ்டுன்னு மாத்து, கூடவே "இந்த வெர்ஷன்ல சரியாயிடுச்சு, க்ளோஸ் பண்றோம், நன்றி"ன்னு ஒரு கமெண்ட் போடு, இதுதான் ஸ்கிரிப்ட். ஓட விட்டேன், ஒவ்வொண்ணுக்கும் 200, 200, 200ன்னு வரிசையா வந்துச்சு, ஒரு எரர் கூட இல்ல. எனக்கு பெருமை தாங்கல, லேப்டாப்ப மூடிட்டு தூங்கிட்டேன்.

காலையில பாத்தா ஒரு டிக்கெட் கூட க்ளோஸ் ஆகல. ஒண்ணு கூட. ஆனா அந்த கமெண்ட் மட்டும் அறுநூத்திச் சொச்சத்துலயும் போய் உக்காந்திருக்கு, என் பேர்ல. அதாவது மெயில் வந்தவங்க எல்லாருக்கும் க்ளோஸ் பண்றோம் நன்றின்னு போயிருக்கு, உள்ள போய் பாத்தா டிக்கெட் அப்படியே திறந்து கெடக்கு. ஒரு டிக்கெட்டை நாலு பேரு ஃபாலோ பண்றாங்கன்னா நாலு மெயில், கணக்கு போட்டு பாத்துக்கோங்க. மெயில் பாக்ஸ் நெறஞ்சு போய் ஆளாளுக்கு எனக்கு போன் பண்ண ஆரம்பிச்சாங்க.

என்ன ஆச்சுன்னா, அந்த டிராக்கர்ல யாரு எந்த நிலைமையில இருந்து எந்த நிலைமைக்கு மாத்தலாம்னு ஒரு வொர்க்ஃப்ளோ செட் பண்ணி வச்சிருந்தாங்க. டெஸ்டர்ங்கற என் ரோலுக்கு அந்த நிலைமையில இருந்து நேரா க்ளோஸ்டுக்கு போற உரிமை இல்ல. சரி, இல்லன்னா இல்லன்னு 403 குடுக்கலாம்ல? குடுக்காது. நீ அனுப்புனதுல உனக்கு அனுமதி இருக்கறதை மட்டும் எடுத்துக்கும், மீதிய சத்தமில்லாம கீழ போட்டுடும். கமெண்ட் போட எனக்கு உரிமை இருக்கு, அதனால கமெண்ட் ஏறிடுச்சு. நிலைமைய மாத்த உரிமை இல்ல, அதனால அது காத்துல போச்சு. ரெண்டும் ஒரே ரெக்வெஸ்ட், ஒண்ணு நடந்தா போதும், பதில் "சரி"தான். பூம்பூம் மாடு மாதிரி என்ன கேட்டாலும் தலைய ஆட்டுது.

இது ஏன் இப்படின்னு அப்புறம் யோசிச்சா புரிஞ்சுது. ஸ்க்ரீன்ல உனக்கு அனுமதி இல்லாத நிலைமை லிஸ்ட்லயே காட்டாது, அதனால அதை நீ அனுப்பவே முடியாது. அதையும் மீறி ஒருத்தன் அனுப்புனா அது ஏதோ திருட்டு வேலைன்னு நெனச்சு அந்தப் பகுதிய மட்டும் உதறிட்டு மீதிய சேவ் பண்ணுவாங்க. ஏபிஐ வந்தப்போ உள்ள இருந்த அதே ப்ரோக்ராமத்தான் தூக்கி வச்சாங்க. ஸ்க்ரீனுக்கு அது பாதுகாப்பு, ஸ்கிரிப்ட்டுக்கு அது குழி.

ஏதோ ஒரு டிராக்கரோட கோளாறுன்னு நெனச்சுடாதீங்க. கிட்ஹப்போட டாக்குமெண்ட்லயே எழுதி வச்சிருக்காங்க, ஒரு ரெப்போல (ஒரு ப்ராஜெக்ட்டோட கோட் இருக்கற இடம்) கோட் எழுதுற உரிமை இல்லாத ஆள் புது இஷ்யூ போடும்போது லேபிள் சேத்து அனுப்புனா லேபிள் மட்டும் சத்தமில்லாம விட்டுப் போயிடும்னு. இஷ்யூ உருவாகும், 201 வரும், லேபிள் இருக்காது. எழுதி வச்சிருக்காங்க, சரி, யாரு படிக்கிறோம்?

இதுல ஜிராவ ஆளாளுக்கு திட்டுவாங்க, நானும் திட்டியிருக்கேன். அதுல ஸ்டேட்டஸ்ங்கறத மத்த ஃபீல்டு மாதிரி புட் போட்டு மாத்த முடியாது, ஸ்டேட்டஸ்னு அனுப்புனா இதை செட் பண்ண முடியாதுன்னு 400 அடிச்சு துரத்தும். முதல்ல இந்த டிக்கெட்ட இப்ப எங்கெங்க நகர்த்தலாம்னு டிரான்சிஷன்ஸ்னு ஒரு அட்ரஸ்ல கேக்கணும், அது இப்ப இருக்கற நிலைமைக்கும் உனக்கு இருக்கற உரிமைக்கும் ஏத்த மாதிரி ஒரு லிஸ்ட் குடுக்கும், அதுல இருக்கற நம்பரை எடுத்து போஸ்ட் பண்ணணும். ஒரு ப்ராஜெக்ட்ல 31னு இருக்கற நகர்வு இன்னொரு ப்ராஜெக்ட்ல வேற நம்பரா இருக்கும். இதென்னடா ஒரு டிக்கெட்ட மூடுறதுக்கு ரெண்டு தடவ கேக்கணுமான்னு எரிச்சலா இருக்கும். அந்த ராத்திரிக்கு அப்புறம் இப்ப கையெடுத்து கும்புடுறேன். முடியாதுன்னா முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற ஆள் எவ்வளவோ மேல்.

அடுத்தது எண்ணிக்கை. உங்க கட்டுரையில "எல்லா இஷ்யூவையும் எடுக்க" அப்படின்னு ஒரு வரி கோட் போட்டு இருந்தீங்க, அது எல்லா இஷ்யூவையும் எடுக்காது சார். பெரும்பாலான டிராக்கருங்க ஒரே தடவையில எல்லாத்தையும் அள்ளிக் குடுக்காது, பக்கம் பக்கமாத்தான் குடுக்கும். நீங்களா ஒண்ணும் சொல்லலன்னா கிட்ஹப் 30 குடுக்கும், ரெட்மைன் 25, கிட்லேப் 20. கேட்டா 100 வரைக்கும் குடுப்பாங்க, அதுக்கு மேல அடுத்த பக்கம் போகணும். எங்க டீம்ல ஒரு தம்பி வாராவாரம் திறந்திருக்கற பக் எத்தனைன்னு கிராஃப் போட்டு மீட்டிங்ல காட்டுவான், மாசக்கணக்கா ரூலர் வச்சு கோடு போட்ட மாதிரி 30லயே நின்னுச்சு, ஏறவும் இல்ல எறங்கவும் இல்ல, மேனேஜரும் பரவாயில்லயே கட்டுக்குள்ள வச்சிருக்கீங்களேன்னு பாராட்டுனாரு. அந்த 30 பக்கோட எண்ணிக்கை இல்ல, பக்கத்தோட அளவு. அதுலயும் கிட்ஹப்ல இஷ்யூ லிஸ்ட் கேட்டா புல் ரெக்வெஸ்ட்டும் (என் கோட் மாற்றத்த சேத்துக்கோங்கன்னு அனுப்பற கோரிக்கை) சேந்து வரும், ஏன்னா அவங்க கணக்குல எல்லா புல் ரெக்வெஸ்ட்டும் ஒரு இஷ்யூதான், உள்ள புல் ரெக்வெஸ்ட்னு ஒரு கீ இருக்கான்னு பாத்து நாமதான் கழிக்கணும். அப்புறம் நிலைமை எதுவும் சொல்லாம கேட்டா கிட்ஹப்லயும் ரெட்மைன்லயும் திறந்திருக்கறது மட்டும்தான் வரும். இதையெல்லாம் தெரியாம "மொத்தம் இத்தனை"ன்னு ஒரு நம்பர் சொன்னா அது எதோட மொத்தம்னு சாமிக்குத்தான் தெரியும்.

பக்கம் பக்கமா போறதுல இன்னொரு கொடுமை இருக்கு, இதுல நான் மட்டும் இல்ல, அனுபவசாலிங்களே விழுந்திருக்காங்க. திறந்திருக்கற டிக்கெட்ட எடுத்து மூடிட்டே போற ஸ்கிரிப்ட்ன்னு வச்சுக்கோங்க. முதல் பக்கம் கேட்டீங்க, 100 வந்துச்சு, 100ஐயும் மூடிட்டீங்க. இப்ப ரெண்டாவது பக்கம் கேக்கறீங்க. ஆனா திறந்திருக்கற வரிசையில முன்னாடி நின்ன 100 பேரு இப்ப இல்ல, பின்னாடி நின்ன 100 பேரு முன்னாடி நகந்து முதல் பக்கத்துக்கு வந்துட்டாங்க. நீங்க ரெண்டாவது பக்கம்னு கேட்டதும் வர்றது மூணாவது 100. நடுவுல ஒரு 100 தப்பிச்சுடுச்சு. இப்படியே கடைசி வரைக்கும் போனா கிட்டத்தட்ட பாதி மூடியிருக்கும், பாதி அப்படியே இருக்கும், ஒரு எரர் வராது, எல்லாமே 200. திரும்ப ஓட விட்டா மீதியில பாதி. மூணாவது தடவை அதுல பாதி. இதை பாத்துட்டு டிராக்கருக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு சர்வர் பாக்கறவங்களோட சண்டை போட்டவங்களையும் எனக்குத் தெரியும். மருந்து ரொம்ப சிம்பிள், முதல்ல எல்லா பக்கத்தையும் படிச்சு நம்பர மட்டும் ஒரு லிஸ்ட்ல எழுதி வச்சுக்கணும், அதுக்கப்புறம்தான் மூட ஆரம்பிக்கணும். இல்லன்னா எப்பவும் முதல் பக்கத்தையே கேட்டுட்டே இருக்கணும், காலியா வர்ற வரைக்கும். (ரெண்டாவது வழியில ஒரு டிக்கெட் மூட மாட்டேன்னு அடம் புடிச்சா ஸ்கிரிப்ட் விடிய விடிய அதையே சுத்திட்டு இருக்கும், அதனால எனக்கு முதல் வழிதான் புடிக்கும்.)

நம்பர்னதும் ஞாபகம் வருது. கிட்லேப்ல ஒரு இஷ்யூவுக்கு ரெண்டு நம்பர் இருக்கு, ஐடின்னு ஒண்ணு, ஐஐடின்னு ஒண்ணு. ஸ்க்ரீன்ல நாம பாக்கறது ஐஐடி, அது அந்த ப்ராஜெக்ட்டுக்குள்ள மட்டும். ஐடிங்கறது மொத்த சர்வருக்கும் ஒண்ணு. ஏபிஐயோட பழைய மூணாவது வெர்ஷன்ல ஐடி குடுக்கணும், 2017ல வந்த நாலாவது வெர்ஷன்ல ஐஐடி. பழைய ஸ்கிரிப்ட்ட அப்படியே எடுத்து அட்ரஸ்ல 3ஐ 4ஆ மட்டும் மாத்துனா அதிர்ஷ்டம் இருந்தா 404, இல்லன்னா சம்பந்தமே இல்லாத ஒரு டிக்கெட் மூடிக்கும். அதுக்கும் 200தான்.

லேபிள் பத்தி ஒரு வரி. கிட்ஹப்ல இஷ்யூவ பேட்ச் பண்ணும்போது லேபிள்னு ஒரு லிஸ்ட் அனுப்புனா இருக்கற லேபிள் எல்லாம் போயிட்டு நீங்க அனுப்புனது மட்டும்தான் இருக்கும், ஒண்ணு சேக்கறதுக்கு தனி அட்ரஸ் இருக்கு, அங்க போஸ்ட் பண்ணணும். நான் "அவசரம்"னு ஒரு லேபிள் சேக்கப் போய் யாரோ பாத்து பாத்து ஒட்டி வச்சிருந்த அத்தனை லேபிளையும் வழிச்சு எடுத்துட்டேன். ஹிஸ்டரில இருந்து பொறுக்கி திரும்ப ஒட்ட ஒரு நாள் முழுக்க ஆச்சு.

வேகத்தைப் பத்தியும் கட்டுரையில "நிமிஷத்துல முடிஞ்சிடும்"னு போட்டிருந்தீங்க. முடிய விட மாட்டாங்க. கிட்ஹப்ல டோக்கன் (ஸ்கிரிப்ட் காட்டற பாஸ்வேர்டு மாதிரி) இல்லாம கேட்டா மணிக்கு 60 ரெக்வெஸ்ட், சாதாரண டோக்கன் வச்சிருந்தா 5000. இது ரொம்ப பேருக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா இஷ்யூ போடறது கமெண்ட் போடறது மாதிரி புதுசா எதையாவது உருவாக்கற ரெக்வெஸ்ட்டுக்கு தனி லிமிட், பொதுவா நிமிஷத்துக்கு 80, மணிக்கு 500. ஏன்னு யோசிச்சு பாருங்க, நீங்க போடற ஒவ்வொரு கமெண்ட்டும் யாரோட மெயில்லயோ போய் விழுது. என் அறுநூத்திச் சொச்சம் கமெண்ட்டும் அங்க ஒரே மூச்சுல போயிருக்காது, நடுவுல மூச்சு வாங்கியிருக்கும், நானும் நடுவுல ஒரு தடவை எட்டிப் பாத்திருப்பேன். லிமிட் தாண்டுனா 429 வரும், சில சமயம் 403 வரும் (அனுமதி இல்லன்னு நெனச்சு டோக்கன மாத்திட்டு இருக்காதீங்க), ரீட்ரை-ஆஃப்டர்னு ஒரு ஹெட்டர்ல (பதிலோட கூட வர்ற குறிப்பு) எத்தனை செகண்ட் காத்திருக்கணும்னு இருந்தா அத்தனை செகண்ட் காத்திருக்கணும், அவ்வளவுதான்.

டோக்கன் பத்தி கட்டுரையில சொன்னது போதும். நான் சேக்கறது ஒண்ணே ஒண்ணு, உங்க சொந்த டோக்கன்ல இந்த மாதிரி மொத்த வேலை பண்ணாதீங்க, ஸ்கிரிப்ட்டுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் வாங்கி அதுக்கு தேவையான உரிமை மட்டும் குடுங்க. இல்லன்னா ஸ்கிரிப்ட் பண்ணது எல்லாம் நீங்க பண்ணதாத்தான் ஹிஸ்டரில நிக்கும். எனக்கு இன்னிக்கு வரைக்கும் யாராவது பழைய டிக்கெட்ட திறந்து பாத்துட்டு "நீங்கதான க்ளோஸ் பண்றோம்னு சொன்னீங்க"ன்னு கேப்பாங்க.

அதுல ஒருத்தங்க கேட்டது மறக்கவே முடியல. வெளியில இருந்து எங்க சாஃப்ட்வேர யூஸ் பண்றவங்க, ஒரு பக் பத்தி ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாங்க, எந்த பட்டன், எந்த வரிசையில, எத்தனை தடவை முயற்சி பண்ணாங்கன்னு ஸ்க்ரீன்ஷாட்டோட. அதுக்கும் என் ஸ்கிரிப்ட் "நன்றி"ன்னு போட்டுடுச்சு. அவங்க பதிலுக்கு கோவமா எல்லாம் எழுதல, "நான் எழுதுனத யாராவது படிச்சீங்களா"ன்னு மட்டும் கேட்டிருந்தாங்க. படிக்கல. அந்த டிக்கெட் என் லிஸ்ட்ல வந்திருக்கவே கூடாது, அந்த பக் சரியாகவே இல்ல, தேதிய வச்சு ஃபில்டர் பண்ணும்போது நான் உள்ளூர் நேரத்துல ஒரு தேதி குடுத்தேன், டிராக்கர் யுடிசில (உலகப் பொது நேரம்) கணக்கு பாத்துச்சு, எல்லையில நின்ன நாலஞ்சு டிக்கெட் உள்ள வந்துடுச்சு. அன்னிக்கு நிலைமை மாறாம போனது ஒரு வகையில நல்லதாப் போச்சுன்னு கூட சொல்லலாம், ஆனா அது என் சாமர்த்தியம் இல்ல.

இப்ப நான் எப்படி பண்றேன்னா, முதல்ல எழுதாம வெறுமனே என்னென்ன மாத்தப் போறேன்னு பிரிண்ட் மட்டும் எடுப்பேன், அதுல கண்ணை மூடிட்டு ஒரு பத்து டிக்கெட்ட எடுத்து உள்ள போய் படிப்பேன். அப்புறம் ஒரே ஒரு டிக்கெட்ல ஓட்டுவேன். அந்த ஒண்ண பேட்ச் பண்ண கையோட திரும்ப கெட் போட்டு நான் சொன்னதும் இப்ப இருக்கறதும் ஒண்ணான்னு ஸ்கிரிப்ட்டே ஒப்பிட்டு பாக்கும், வேறயா இருந்தா அங்கயே நின்னுடும், அடுத்ததுக்கு போகாது. இதனால ரெக்வெஸ்ட் ரெண்டு மடங்கு ஆகுது, ஆகட்டும். கமெண்ட்ட முதல்ல போட மாட்டேன், நிலைமை மாறுச்சுன்னு கண்ணால பாத்தப்புறம்தான் தனி ரெக்வெஸ்ட்டா கமெண்ட். பத்து வரி இப்ப அறுபது வரி ஆயிடுச்சு, அதுல டிக்கெட்ட மூடறது பழைய பத்து வரிதான், மீதி அம்பதும் சந்தேகம்.

அடுத்த வாரம் வெப்ஹூக் பத்தி வரும்னு போட்டிருக்கீங்க, அதாவது நாம போய் கேக்காம டிராக்கரே நம்ம சர்வருக்கு வந்து சொல்றது. அதை எழுதறவர்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. கிட்ஹப் அனுப்பிட்டு 10 செகண்ட்தான் பதிலுக்கு காத்திருக்கும், அதுக்குள்ள பதில் வரலன்னா தோல்வின்னு குறிச்சுட்டு போயிடும், தானா திரும்ப அனுப்பாது. அதனால வாங்குனதும் சரின்னு சொல்லிட்டு வேலைய அப்புறம் பண்ணணும். வந்தது உண்மையிலயே அங்க இருந்துதான் வந்துச்சான்னு கூட வர்ற கையெழுத்த செக் பண்ணணும். முக்கியமா, வெப்ஹூக் வந்ததும் கமெண்ட் போடற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதுனா, அந்த கமெண்ட்டே இன்னொரு வெப்ஹூக்க கிளப்பும், அதுக்கு இன்னொரு கமெண்ட், அதுக்கு இன்னொண்ணு. இதை நான் பண்ணல, ஆனா பண்ணவரு எனக்கு பக்கத்து சீட்டு.

இப்படிக்கு,
டெஸ்டிங்ல இருக்கற ஒரு வாசகர்

பி.கு.: கட்டுரையோட கடைசி கோட்ல, பதில் வரலன்னா மூணு தடவை திரும்ப முயற்சி பண்ணணும்னு போஸ்ட்டுக்கு எழுதியிருக்கீங்க. புட்ட ரெண்டு தடவை அனுப்புனா பரவாயில்ல, அதே மாற்றம்தான் திரும்ப நடக்கும். போஸ்ட் அப்படி இல்ல. பதில் வரலன்னா வேலை நடக்கலன்னு அர்த்தம் இல்ல, டிக்கெட் அங்க உருவாகி பதில் மட்டும் வழியில தொலஞ்சிருக்கலாம், அப்ப நாலு டிக்கெட் வரைக்கும் நிக்கலாம். அந்த வரிய மட்டும் திருத்தி போட்டுடுங்க, நெறைய பேரு அப்படியே காப்பி பண்ணியிருப்பாங்க.